மாதா படத்தைக் காத்தவர்

அடைக்கலசாமி இடது கைச் சட்டையை மடிக்கத் தொடங்கினால், அந்தமானின் பத்துபஸ்தி டீக்கடையில் பழைய ஆட்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். முழங்கைக்குக் கீழே நான்கு அங்குலத்துக்கு ஒரு தழும்பு.

"தொட்டுப் பாரும்வே, சும்மா தொட்டுப் பாரும். ஜப்பான்காரன் வாளு! எலும்பு வரைக்கும் போயிட்டு. படத்த விட்டனா? விடலியே!"

விடவில்லையென்றால் படம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அதற்குள் கதை கேட்டவர் அவருக்கு ஒரு டீ சொல்லியிருப்பார்.

வயது ஐம்பத்தெட்டு. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து முப்பத்தெட்டாம் வருஷம் போர்ட் பிளேயருக்கு வந்த தச்சர். பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூடக் காதிலிருந்து பென்சிலை எடுக்கமாட்டார். அவர் செய்யும் நாற்காலிகள் நான்கு காலில் மூன்றை மட்டும் நம்பி நிற்கும். குறை சொன்னால், "தரை சரியில்ல, பாய்சாப். நாற்காலி பக்கா" என்பார். சண்டை முற்றினால் முழு இந்திக்கு மாறிவிடுவார். அதில் அவருக்குத் தெரிந்தது முக்கால்வாசி வசவு.

படத்தின் கதை இது. நாற்பத்திரண்டில் ஜப்பானியர் வருமுன், ராஸ் தீவிலிருந்த ஒரு துரையின் மனைவி, தன் வீட்டு மாதா ஓவியத்தைத் தமிழர்களின் சிறிய கோயிலுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாள். கோயில் சாவி அடைக்கலசாமியிடம் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் சட்டம் இருந்தது, உள்ளே படம் இல்லை.

அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "ஜப்பான்காரன் கொண்டுபோயிட்டான்." யாரும் மேலே கேட்கவில்லை. கேட்டவனை ஒற்றன் என்று இழுத்துப்போகும் காலம். சண்டை முடிந்த பிறகு கதையில் ஒரு சிப்பாய் வந்தான். ஐம்பதில் அவன் கையில் துப்பாக்கி முளைத்தது. அறுபதில் நான்கு பேர், ஒரு வாள். கோயில் பெரியவர்கள் வெறும் சட்டத்தைச் சுவரிலேயே விட்டு, திருவிழாதோறும் அதற்கு ஒரு மாலையும் அடைக்கலசாமிக்கு ஒரு பொன்னாடையும் போட்டார்கள். ஊருக்கு ஒரு வீரர் வேண்டியிருந்தது. இவர் பக்கத்திலேயே இருந்தார்.

நடந்ததை அறிந்தவள் அவர் மனைவி ஆரோக்கியசெல்வி மட்டும். ஜப்பானியப் பண்டசாலையில் நிஷிமுரா என்று ஒரு குமாஸ்தா இருந்தான். ஓய்வு நேரத்தில் கோயிலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் முன் நிற்பான். தொட்டதில்லை. கேட்டதும் இல்லை. அப்போது தீவே மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தது. அடைக்கலசாமி ஒரு மத்தியானம் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்துப் பாயில் சுருட்டினார். உளி வழுக்கிக் கை கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பண்டசாலைக்குப் போனார். திரும்பும்போது பாய்க்குள் மூன்று டின் சீனி இருந்தது.

பாகு காய்ச்சினால் வாசனைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு, இருவரும் உள்ளங்கையில் கொட்டி நக்கியே மூன்று டின்னையும் தீர்த்தார்கள்.

அறுபத்தொன்பது பிப்ரவரியில் வினை வந்தது. தில்லியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு கிழட்டு ஜப்பானியர் வருகிறார், கோயில் படத்தைத் திருப்பித் தரப்போகிறார் என்று, ஆபீசர் கிருஷ்ணமூர்த்தி கோயிலுக்குத் தகவல் அனுப்பினார். கேட்ட கணம் அடைக்கலசாமிக்குக் காய்ச்சல் கண்டது.

"ஹேவ்லாக் தீவுல மரவேலை இருக்குன்னு போயிருதேன், செல்வி. ஒரு வாரம்."

"காய்ச்சல்னு படுத்தா அவன் வீட்டுக்கே வருவான். ஹேவ்லாக் போனா ஊரே அவன்கிட்ட கத கேக்கும்" என்றாள் அவள், மீன் அரிந்தபடி. "நீருதான் ஜப்பான் பாஷ தண்ணிபட்ட பாடுன்னு பீத்திக்கிட்டீரே. போயி நில்லும்."

அதற்கு முன்பே சாமியார் முடிவு செய்திருந்தார்: மொழிபெயர்ப்பாளர் அடைக்கலசாமி.

கோயில் நிறைந்திருந்தது. நிஷிமுராவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வந்தவர் அடைக்கலசாமியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு துணியைப் பிரித்து, பலகையில் ஒட்டியிருந்த படத்தைப் பீடத்தில் சாய்த்துவைத்தார். மாதாவின் நீல முக்காடு கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஜப்பானியர் பேசத் தொடங்கினார். அடைக்கலசாமிக்குத் தெரிந்த ஜப்பான் மொழி, நில், உட்கார், தூக்கு, ஓடு. அதில் எதுவும் இந்தப் பேச்சில் வரவில்லை. தலையை ஆட்டியபடியே கேட்டார்.

"என்ன சொல்றார்?" என்றார் சாமியார்.

"பாவம் செஞ்சிட்டேங்காரு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அது அவருக்குத் தெம்பைக் கொடுத்தது. கிழவர் அவரைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார்.

"இந்த மனுசன் சிங்கம் மாதிரி சண்ட போட்டாருங்காரு. நாங்க நாலு பேரு, சமாளிக்க முடியலங்காரு."

கைதட்டல். மகிழ்ந்துபோன கிழவர் இன்னும் விளக்க நினைத்தார். அந்தக் காலத்துக் கடைவீதி இந்தி ஒரு வார்த்தை நினைவுக்கு வந்துவிட்டது போலும். மூன்று விரலை உயர்த்திக் காட்டி, "சீனி! சீனி!" என்றார்.

சீனி எல்லோருக்கும் தெரிந்த சொல். பெண்கள் பக்கத்தில் ஆரோக்கியசெல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீனியா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "சர்க்கரையையா சொல்றார்?"

"சீனா, சார்" என்றார் அடைக்கலசாமி. குரல் நடுங்கவே இல்லை. "சீனாவுலயும் மூணு கோயில்ல இப்படித்தான் கொள்ளையடிச்சேன்னு ஒத்துக்கிடுதாரு."

"அடப்பாவி!" என்றது கூட்டம். முன்வரிசையிலிருந்த காண்டிராக்டர் பன்னீர்செல்வம் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஆபீசர் அவரை உட்காரச் சொன்னார். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று எண்ணி நிஷிமுரா நாலு பக்கமும் திரும்பித் தலையசைத்தார்.

பிறகு அடைக்கலசாமியின் முன்னால் வந்தார். "அரிகாத்தோ" என்றார் மெதுவாக. அது நன்றி என்று அடைக்கலசாமிக்குத் தெரியும். அந்தப் பாஷையில் அடி உதையோடு சேராமல் அவர் கேட்டிருந்த ஒரே சொல் அது, பண்டசாலையில், இதே வாயிலிருந்து.

"மன்னிச்சிருங்கன்னு கேக்காரு" என்றார்.

நிஷிமுரா இரு கைகளையும் தொடையோடு சேர்த்து, இடுப்பை வளைத்து, அவர் முன் ஆழக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கோயிலே எட்டிப் பார்த்தது. அடைக்கலசாமி வலது கையை நீட்டி அந்த நரைத்த தலையின்மேல் வைத்து, கண்களை மூடிக்கொண்டு, மன்னித்தார்.