தட்டோடு வந்த அம்மா

என் கணவருக்குத் தோசையைப் பிய்த்துப் போடுவது என் வேலை. "ராஜா வீட்டுச் சாப்பாடுலா" என்று சிரிப்பார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. தெங்கேரா கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்து வந்தவரின் பையைப் பறிக்க, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பையன் பாராங் கத்தியை வீசினான். குருபோங் தொழிற்சாலையில் இத்தனை காலம் வெல்டிங் செய்த கை அது.

பையன் பிடிபட்டான், குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டனை சொல்வதற்கு முன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று அரசாங்க வக்கீல் சொல்லியிருந்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். பதினேழு என்ன பால் குடிக்கிற வயதா? பெரியவன் செய்கிற வேலையைச் செய்தவன் பெரியவன் வாங்குகிற தண்டனையை வாங்கட்டும், ரோத்தான் பிரம்படியும் சேர்த்து. இதையே வீட்டில் பேசிப் பேசி என் வாய் வலித்தது. "வெட்டு எனக்கு, கோவம் உனக்கு" என்பார் அவர். எனக்கு அதுவும் எரிச்சல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் கேட்டு டுரியான் துங்கால் பக்கமிருந்து வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். காலையிலேயே வாசலில் ஒரு அம்மா. பட்டுப்புடவை, கையில் வெற்றிலை பாக்கும் ஆரஞ்சுப் பழமும் பூவும் வைத்த தட்டு. எங்கிருந்து என்று கேட்டேன். டுரியான் துங்கால் என்றார். போதாதா? கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்காரவைத்தேன். மகளை விரட்டிப் புடவை மாற்றச் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன், கேசரி வைத்தேன். "எனக்கு இனிப்பு நீர் வியாதி அக்கா, வேணாம்" என்று அவர் மறுத்தும் நான் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு கூச்சப்படுவார்களா என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டு, "பையன் வரலையா?" என்று கேட்டேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அவன் உள்ள இருக்கான் அக்கா. அண்ணன் கைய வெட்டுனது என் மவன்தான்."

புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி வந்த என் மகள் அப்படியே நின்றுவிட்டாள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்குப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். பெண் கேட்கப் போகும்போதும் தட்டுதான், செய்த தப்புக்கு வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்கும்போதும் அதே தட்டுதான். என் புத்தி முழுக்கக் கல்யாணத்தில் இருந்தது; தரகர் சொன்ன ஆட்கள் சாயங்காலம்தான் வந்தார்கள். என் வீட்டில் வாய் நனைத்தவரை வெளியே போ என்று சொல்ல மனசு வரவில்லை. அதனால் வேறொன்று செய்தேன். என் கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, முழுத் தோசையை முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அந்த அம்மா பார்க்கட்டும்!

அவர் மடங்காத விரல்களால் தோசையை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுப்பதற்குள் அந்த அம்மா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் தோசையைப் பிய்த்து, சாம்பாரில் நனைத்து, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாவின் கண்ணீர் மேசையில் சொட்டியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அது என் வேலை.

"அவன விட்டுருங்கன்னு கேக்க வரல அக்கா. தண்டன வேணும். ஆனா எனக்கு ஒடம்பு முடியல, அவனுக்கு வேற யாரும் இல்ல. அவன் வெளிய வர்றப்ப நான் உயிரோட இருக்கற மாதிரி பாத்துச் சொல்லுங்க. நானும் இல்லன்னா அவன் எந்த வாசலுக்கு வருவான்?"

என் கணவர்தான் "தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடிங்கம்மா" என்றார்.

கோர்ட்டில் என் முறை வந்தபோது, மனப்பாடம் செய்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "எனக்கு மன்னிக்க மனசு வரல. உள்ள வைங்க. ஆனா அவங்க அம்மாவுக்கு அவன அடிக்கத் தெம்பு இருக்கறப்பவே வெளிய விடுங்க" என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மலாயில் சொன்னார். பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். என் பேச்சாலா, சட்டமே அப்படித்தானா, தெரியாது. என் கணவர் சட்டைப் பொத்தானோடு போராடும்போதெல்லாம் அந்தத் தண்டனை போதாது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் தோசை பிய்த்துப் போட்டேன். "அந்தம்மா இன்னும் சின்னதா பிச்சாங்கலா" என்றார். "அப்ப அங்கேயே போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

போகத்தான் வேண்டியிருந்தது. அந்தத் தட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை முறுக்குச் சுட்டு அதில் வைத்து எடுத்துப் போனோம். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். கால் வீங்கிக் கிடந்தது. டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன். இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அவன் வர்ற வரைக்கும் இருக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க? நான் அதத்தானே கோர்ட்ல போய்ச் சொன்னேன்? செருப்பப் போடுங்க. கார்ல ஏறுங்க" என்றேன்.