துடைச்சாச்சா அக்காவின் நாற்பது கருவிகள்

அந்தத் தொழிற்கூடத்தில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற எல்லாருக்கும் அவள் துடைச்சாச்சா அக்கா. ஒளி ஓடுகிற கண்ணாடி இழையான ஃபைபரை யார் எதில் செருகப் போனாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "துடைச்சாச்சா?" மேலாளர் செருகினாலும் வரும். ஒருமுறை முதலாளியின் மைத்துனர் சுற்றிப் பார்க்க வந்து, ஆசைக்கு ஒரு ஃபைபரைக் கையில் எடுத்தபோதும் வந்தது. மனிதர் பயந்துபோய்த் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஃபைபருக்குள் ஒளி போகிற பாதை தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான். அதன் வாசலில் கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், ஒளி முட்டி மோதி வீணாகும். அதனால் செருகுவதற்கு முன் முனையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். செய்யத்தான் எல்லாருக்கும் சோம்பல்.

பதினெட்டு வயதில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கும் வேலைக்குப் போனவள் அவள். அங்கிருந்து இங்கே வந்து, முதலில் சிப்பில் ஃபைபரை ஒட்டுகிற மேசை, பிறகு சோதனை மேசை. அவள் சோதித்தது மாடுலேட்டர்களை. விரல் நீளத்தில் ஒரு தங்க நிறப் பெட்டி, அவ்வளவுதான். ஒரு பக்கம் லேசரின் வெறும் ஒளி நுழையும், மறுபக்கம் அதே ஒளி செய்தியைச் சுமந்துகொண்டு வெளியே வரும். வினாடிக்குப் பல நூறு கோடி துடிப்புகள். நடுவில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. அந்த இழப்பை டெசிபல் கணக்கில் சொல்வார்கள், ஐந்து டெசிபலுக்கு மேல் இருந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

எந்தச் சோதனை அறிக்கைக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவளுக்கு மட்டும் விலக்கு. அவள் கையெழுத்திட்டால் இன்னொருவர் சரிபார்க்கத் தேவையில்லை என்று மேலாளர் எழுத்திலேயே கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தை நகல் எடுத்து பீரோவில் கல்யாண ஆல்பத்துக்குள் வைத்திருந்தாள். கல்யாணப் படங்களைவிட அந்தக் காகிதத்தைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள் என்பது அவள் கணவருக்கும் தெரியும். அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர், இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

கணவரின் தம்பியும் அதே தொழிற்கூடத்தில்தான், மூன்றாவது மாடியில். சிக்னல் பிரிவு. வீட்டிலும் மாடி அறைதான் அவனுக்கு. ஒளி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது துடிப்புகள் விரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முறுக்கிக்கொண்டு வந்து சேரும். அந்தக் குழப்பத்தைக் கணக்கால் பிரித்து மறுபடி செய்தியாக்குவது அவன் பிழைப்பு. சாப்பாட்டு மேசையில் அண்ணியைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அண்ணி, நீங்க ஏன் இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சு சாகறீங்க? எவ்வளவு மோசமா அனுப்பினாலும் என் கணக்கு கழுவி எடுத்துடும்."

"இல்லாத ஒளியைக் கூடவா கழுவி எடுப்பே?"

"அது முடியாது. கோணினதை நிமிர்த்தலாம். இல்லாததை வரவழைக்க முடியாது."

"அப்ப வாயை மூடிட்டு சாப்பிடு."

இப்படியே மூன்று வருஷம் உட்கார்ந்து அவன் ஒரு புதுக் கணக்குமுறையை உருவாக்கினான். அது ஒரு தொலைபேசி நிறுவனத்துக்குப் போன அதே மாதம், லாட் என்று சொல்லும் ஒரே தொகுதியாக அவள் சோதித்த பெட்டிகளும் அங்கே போயின. நாற்பது மாடுலேட்டர்கள். சராசரி இழப்பு மூன்று புள்ளி ஆறு டெசிபல். அதுவரை நாலரைக்குக் கீழே எந்த லாட்டும் வந்ததில்லை. மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. கண்ணாடியில் '3.6' என்று பொறித்து, எல்லாரையும் நிற்க வைத்துக் கைதட்டிக் கொடுத்தார். அது வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஏறியது. நாற்பதில் இரண்டை, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சாட்சியாக, அலமாரியில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டை அனுப்பினார்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த நிறுவனத்திடமிருந்து புகார் வந்தது. இருப்பதிலேயே நீளமான பாதையில், நினைத்தாற்போல இணைப்பு அறுந்து அறுந்து வருகிறதாம். அந்தப் பாதையை நம்பியிருந்த ஊர்களில் ஃபோன்கூடச் சரியாகப் போகவில்லையாம். இரண்டு வாரம் கூட்டம் போட்டார்கள். குட்டையான பாதைகளில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அனுப்பும் பக்கத்தில் இருப்பதோ துடைச்சாச்சா அக்கா கையெழுத்திட்ட லாட், அதுவும் இதுவரை செய்ததிலேயே சிறந்த லாட். ஆக, குற்றம் பெறும் பக்கத்தில், புதுக் கணக்குமுறையில்தான் என்று முடிவானது. அவள் கையெழுத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

அன்று மாலை கொழுந்தன் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்தான். சீண்டல் எதுவும் வரவில்லை.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் அண்ணன்.

"என் முறையை எடுத்துட்டுப் பழையதையே போடச் சொல்லிட்டாங்க. தப்பு என்னோடதுன்னு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்கு மத்தியானம் அதை அந்த நிறுவனத்துக்கு அனுப்பறாங்க. அதுக்கப்புறம் என்னை இந்த வேலையில வெச்சிருக்க மாட்டாங்க."

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சியா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல அண்ணி. எல்லா வரியும் பார்த்துட்டேன். எங்கேன்னு தெரியல. ஆனா உங்க சாமான் அவ்வளவு நல்லா இருக்கும்போது வேற எங்கே இருக்க முடியும்?"

மோட்டார்காரர் காலை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மேலே தண்ணி ஏறலைன்னா நாங்க டேங்கைத் திட்ட மாட்டோம். முதல்ல கீழே மோட்டாரைத்தான் பார்ப்போம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "என் சாமானைச் சொல்றீங்களா? பதினோரு வருஷத்துல ஒண்ணு திரும்பி வந்திருக்கா?"

"நான் மோட்டாரைச் சொன்னேன் தாயே" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

கோபத்தில் அவள் கண் டிவிக்கு மேலே போனது. 3.6. மாடுலேட்டருக்குள் இருக்கும் சிப்பை வடிவமைத்தவரே, நாலரைக்குக் கீழே இறங்குவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். இறங்கியபோது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள். விடிந்ததும் மறுபடி அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே சோதனை அறையைத் திறந்தாள். அலமாரியில் இருந்த இரண்டு சாட்சிகளையும் எடுத்தாள். முனைகளைப் பார்த்தாள், துடைத்தாள், பார்த்தாள். முதலில் ஜீரோ வைத்தாள். அதாவது, நடுவில் மாடுலேட்டர் இல்லாமல், பேட்ச் கார்டு என்கிற சிறு ஃபைபர் துண்டு வழியாக மட்டும் ஒளியை அனுப்பி, வந்து சேரும் அளவைக் குறித்துக்கொள்வது. பிறகு மாடுலேட்டரை நடுவில் வைத்தால், எவ்வளவு குறைகிறதோ அதுதான் இழப்பு. ஒன்று ஐந்து புள்ளி ஒன்று காட்டியது. இன்னொன்று ஐந்து புள்ளி மூன்று. ஒதுக்கித் தள்ள வேண்டிய சாமான்கள்.

மூன்று தடவை அளந்தாள். எண் மாறவில்லை.

பழைய பதிவேட்டை எடுத்தாள். அந்த லாட்டின் நாள், அவள் கையெழுத்திலேயே இருந்தது. '8.40. பழைய கார்டு உடைந்தது. புதுக் கார்டு. ஜீரோ.' முனையைப் பார்த்ததற்கான கட்டம் காலி. புதுசு, உறை பிரிக்காதது, முனையில் பிளாஸ்டிக் மூடி போட்டது. அதை ஏன் துடைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அந்த மூடியே முனையில் அழுக்கைப் பூசும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான்.

மைக்ரோஸ்கோப் தான் பார்க்கும் ஒவ்வொரு முனையையும் படமெடுத்துச் சேர்த்து வைக்கும். அந்த நாளின் முதல் படம் 8.52. அதே புதுக் கார்டு, நட்ட நடுவில் ஈஷிக்கொண்டு ஒரு கறை. 8.54க்கு அடுத்த படம், பளிச்சென்று. முதல் மாடுலேட்டரைச் செருகுவதற்கு முன், வழக்கம்போலப் பார்த்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள். நல்லவேளை கண்டுபிடித்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டதுகூட நினைவுக்கு வந்தது. அந்தக் கறையோடுதானே பன்னிரண்டு நிமிஷம் முன்னால் ஜீரோ வைத்தோம் என்பது மட்டும் அன்று புத்தியில் ஏறவில்லை. கறையால் குறைந்த ஒளியை முழு ஒளி என்று குறித்துக்கொண்டு, கறையைத் துடைத்த பிறகு அளந்தால், எந்தக் குப்பையும் ஒன்றரை டெசிபல் நல்லதாகத்தான் தெரியும். அன்று முழுக்கத் துடைக்காமலே இருந்திருந்தால்கூட, ஜீரோவிலும் அளவிலும் அதே கறை இருந்து, எண் கிட்டத்தட்ட சரியாக வந்திருக்கும். துடைத்ததால் கெட்டது. இதை வேறு யார் செய்திருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. இரண்டு சாட்சிகளையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் கேட்க ஆளில்லை. பதிவேட்டைத் திறந்து பார்க்கப் போகிறவரும் இல்லை. பதினோரு வருஷப் பேர் அப்படியே இருக்கும். கொழுந்தன் சின்னப் பையன், படித்தவன், இது இல்லாவிட்டால் இன்னொரு இடம் கிடைக்கும். இவ்வளவையும் அவள் நினைத்தாள், நினைக்கவில்லை என்று பொய் சொல்லக் கூடாது. 'உங்க சாமான் அவ்வளவு நல்லா இருக்கும்போது' என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு பெட்டிகளையும் பதிவேட்டையும் அச்செடுத்த அந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மேலாளர் அறையில் கொழுந்தனும் இருந்தான். கடிதத்தின் கடைசி வரியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கடிதத்தைக் கிழிச்சுடுங்க சார். தப்பு என்னோடது."

மேலாளர் தலையைத் தூக்கினார். "அக்கா, வீட்டுப் பாசத்தை இங்கே கொண்டு வராதீங்க."

"பாசமா? இவனைக் காப்பாத்தணும்னா பொய் சொல்ல எனக்கு வேற வழி தெரியாதா?" மேசைமேல் படங்களை வைத்தாள். "8.40க்கு ஜீரோ வெச்சேன். 8.52க்கு இந்த அழுக்கைப் பார்த்துத் துடைச்சேன். வரிசையைப் பாருங்க. நாற்பதும் தப்பு."

மேலாளர் படத்தைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொழுந்தனுக்கு முதலில் புரிந்துவிட்டது. அவன் காகிதத்தின் ஓரத்தில் ஏதோ கூட்டிக் கழித்தான்.

"ஒன்றரை டெசிபல் ஒளி குறைஞ்சா, அந்த நீளத்துக்கு மிச்ச செய்தியை இரைச்சல் முழுங்கிடும் சார். சரியா வருது" என்றான். பிறகு அவளிடம் மெல்ல, "அண்ணி, நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்றான்.

"இல்லாத ஒளியை நீ எப்படிடா வரவழைப்பே?" என்றாள்.

முப்பத்தெட்டையும் திரும்ப வரவழைத்தார்கள். ஒன்பதுதான் தேறியது. நீளப் பாதைக்கு வேறு மாடுலேட்டர்களைப் போட்டார்கள், கொழுந்தனின் கணக்குமுறையையும் மறுபடி ஏற்றினார்கள். அதன் பிறகு அந்தப் பாதை அறுந்ததாகத் தகவல் இல்லை. அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்த விலக்கை மட்டும் ரத்து செய்தார்கள். இனி அவள் ஜீரோ வைக்கும்போதும் இன்னொருவர் பக்கத்தில் நின்று கேட்டு, பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். ஆல்பத்துக்குள் இருந்த காகிதத்தை அவளே எடுத்துக் கிழித்தாள். டிவிக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கணவர் எங்கோ எடுத்து வைத்தார், எங்கே என்று அவள் கேட்கவில்லை.

புது ஏற்பாட்டின் முதல் காலை. பக்கத்து மேசைக்காரி படிவத்தோடு வந்து நின்றாள். பதினோரு வருஷமாக அந்தக் குரலைப் பின்னால் கேட்டுக் கேட்டுத் திடுக்கிட்டவள். தயங்கினாள், பேனாவைத் திறந்தாள், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

"கேளு" என்றாள் துடைச்சாச்சா அக்கா.

"என்னக்கா இது, உங்களைப் போய் நான்..."

"கேக்காம போடாதே. கேளு."

பக்கத்து மேசைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "துடைச்சாச்சா?" என்றாள்.

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. என்னைப் பார்த்தா கேட்கிறாய் என்று வாய் வரை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் இவர்களுக்கெல்லாம் இப்படித்தான் எரிந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. செருகிய கார்டை உருவி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, திரையை மேசைக்காரியின் பக்கம் திருப்பினாள்.

"துடைச்சேன். நீயே பார்த்துட்டுப் போடு."