டீச்சருக்கு எந்தக் கிளை?

"எந்த ரெண்டு பேரையும் என் முன்னால கொண்டாந்து நிறுத்துங்க. இவருக்கு அவரு என்ன முறைன்னு ஒரே சொல்லுல சொல்லுதேன். திணறுனேன்னா, அதுக்கப்புறம் இந்த நாற்காலியில உட்கார மாட்டேன்!"

மேலப்பாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், பெண்கள் வாசலருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ரைஹானத் டீச்சர் இப்படி முழங்கினார். இரண்டாம் வகுப்பு எடுப்பது அவருக்குப் பிழைப்பு. முறை சொல்வதுதான் பதவி. எந்த நிக்காஹ் என்றாலும் அந்த நாற்காலி அவருக்குத்தான். வருகிற பெண்கள் அவரிடம் முறை கேட்டு, அதற்குத் தக்கபடி சிரித்துவிட்டுப் பந்திக்குப் போவார்கள். தன்னைவிட வயதில் இளைய தாய்மாமன் ஹாஜாவுக்குத் தன் கணவரின் அக்கா மகளைப் பேசி முடித்ததும் அங்கே உட்கார்ந்துதான். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரியாக ஒரு பந்தி, பெண் வீட்டுக்காரியாக ஒரு பந்தி என்று நியாயமாகச் சாப்பிட்டார்.

இப்பேர்ப்பட்டவர்தான் வகுப்பில் குடும்ப மரம் செய்யவைத்தார். அடிமரத்தில் பிள்ளையின் பெயர். ஒரு கிளை வாப்பாவுக்கு, மறு கிளை உம்மாவுக்கு. பச்சைத் தாளில் இலை வெட்டி, முகம் வரைந்து ஒட்ட வேண்டும். "ஒரு ஆளுக்கு ஒரு இலைதான்!" என்று சட்டமும் போட்டார்.

சட்டத்தை முதலில் உடைத்தவள் ஸமீஹா. "டீச்சர், எங்க மாமி வாப்பாவுக்குத் தங்கச்சி. உம்மாவோட அண்ணனுக்குப் பொண்டாட்டி. எங்கன ஒட்ட?"

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. "நடுவுல ஒட்டுளா" என்றார் டீச்சர். நடுவில் கிளையே இல்லாததால் மாமி அந்தரத்தில் தொங்கினாள். உடனே வகுப்பில் பாதி வீடுகளின் மாமிகள் அந்தரத்துக்குக் கிளம்பினார்கள். மிச்சப் பசை முன்பெஞ்சு சதாமின் தலைக்குப் போனது.

அப்போது ஹாஜாவின் மகன் அலி அஸ்கர் கண்ணாடி போட்ட இலையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டீச்சர், இது நீங்க. எங்கன ஒட்ட?"

"வாப்பா பக்கம் ஒட்டுலே. உங்க வாப்பா எனக்குத் தாய்மாமா. அதனால நான் உனக்கு மச்சி முறை."

"அப்ப அலி டீச்சருக்கு மச்சானா!" என்று கூரை அதிர்ந்தது. ஸமீஹா சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்தே விழுந்தாள்.

"சும்மா இருங்கலே! சரி, உம்மா பக்கம் ஒட்டு."

அலி யோசித்தான். "எங்க உம்மா உங்களை மாமின்னுல்லா கூப்பிடுதாங்க. உம்மாவுக்கு மாமின்னா எனக்குப் பாட்டியா?"

"பாட்டி டீச்சர்! பாட்டி டீச்சர்!"

நாற்பத்திரண்டு வயதில், தலைக்கு மாதாமாதம் தவறாமல் மை பூசுகிற ஒருவர் காது கொடுத்துக் கேட்கிற சொல்லா அது? மச்சியாக இருந்தால் மானம் போகும், பாட்டியாக இருந்தால் வயது போகும்.

"ஒரு சொல்லு சொல்லுங்க டீச்சர், பசை காயுதுல்லா!"

டீச்சர் வாயைத் திறந்தார். சாப்பாட்டு மணி அடித்தபோதும் அது திறந்தபடியே இருந்தது. அலி பொறுத்துப் பார்த்துவிட்டு, அடிமரத்தில் தன் பெயருக்கு மேலேயே அவரை அப்பிவிட்டு ஓடினான்.

அடுத்த நிக்காஹ். வழக்கமான நாற்காலி, வழக்கமான கூட்டம். பேட்டையிலிருந்து வந்த ஹமீது பீவி, ஐஸ்கிரீமும் கையுமாக ஓடிய அலி அஸ்கரைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏளா ரைஹானத், இந்தப் பய உனக்கு என்ன வேணும்?"

சுற்றி நின்ற பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ரைஹானத் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் பார்த்தார், பெண் வீட்டார் பக்கம் பார்த்தார். மெதுவாக எழுந்தார். அலியைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார்.