விதுர்ஷாவின் நெஞ்சு எவ்வளவு துடிக்கும்

லுணுகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் விதுர்ஷாவின் ஓட்டத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. வண்டிப்பாதையில் அவள் ஏறிப்போனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவளோடு ஒரே நாளில் பிறந்த தம்பி நிஷாந்தும் பின்னால் ஓடுவான்; பாதி மலையில் அவனுக்கு மூச்சு வாங்கிவிடும்.

பதுளையில் ஒரு விளையாட்டுக் கழகத்தில் இருவரும் சேர்ந்தபோதுதான் வம்பு வந்தது. இருநூற்றிருபதில் வயதைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவதுதான் ஒரு நிமிடத்தில் இதயம் துடிக்கக்கூடிய உச்சம் என்றார் பயிற்றுவிப்பாளர். இருவருக்கும் இருபத்துமூன்று வயது. ஆக, நூற்றுத் தொண்ணூற்றேழு. ஆனால் ஏற்றத்தில் ஓடவிட்டு அளந்தபோது விதுர்ஷாவின் துடிப்பு இருநூறைத் தாண்டிப் போனது. நிஷாந்துக்கோ தலைகீழாக நின்றாலும் நூற்று எண்பத்தேழுக்கு மேல் ஏறவில்லை. அவளுக்கு நெஞ்சுக் கோளாறாக இருக்கும், அவன் சோம்பேறி என்று பேச்சாகிவிட்டது.

அவர்களுடைய அம்மா வடிவம்மா பயந்துபோனாள்.

"ஓடுனது போதும்டி. உசுரோட இரு, அது போதும் எனக்கு."

எல்ல ஊரில் மலை ஓட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. விதுர்ஷா, ஓடும்போது காலில் போடும் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பதுளைப் பல்கலைக்கழகத்தில் இளவயதுக்காரர்களின் உச்சத் துடிப்பை அளந்து ஆய்வு செய்கிறார்கள் என்ற செய்தியை நிஷாந்த்தான் கொண்டுவந்தான்.

"அங்க மயங்கி விழுந்துட்டா?" என்றாள் விதுர்ஷா.

"டாக்டர் பக்கத்துலயே நிப்பாராம். வா, ரெண்டு பேருமே போவோம்."

ஆய்வை நடத்திய விரிவுரையாளர் ஷிப்னா மிஸ், முதலில் டாக்டரிடம் இருவரையும் நன்றாகச் சோதிக்கச் சொன்னார். பிறகு நெஞ்சில் துடிப்பை அளக்கும் பட்டியைக் கட்டி, ஓடும் இயந்திரத்தில் விதுர்ஷாவை ஏற்றினார். கொஞ்சங் கொஞ்சமாகச் சரிவு கூடியது. இருநூறைத் தொட்டதும் அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். திரையிலிருந்து கண்ணெடுக்காமலே அவர், ஓடுங்க என்று கையசைத்தார். கால் கெஞ்சியபோது துடிப்பு இருநூற்றேழு. அடுத்து ஏறிய நிஷாந்த் துணிபோலத் துவண்டு இறங்கினான்; அவனுக்கு நூற்று எண்பத்தேழுதான்.

"ரெண்டு பேருமே முழு மூச்சா ஓடியிருக்கீங்க," என்றார் மிஸ். "வயசைக் கழிக்கிற கணக்கு நிறையப் பேரோட சராசரி. ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு கூடும், குறையும். அது கோளாறும் இல்ல, கெட்டித்தனமும் இல்ல."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா மிஸ்?"

"துடிப்பு சீரா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தாராளமா ஓடுங்க."

"நா சோம்பேறி இல்லைன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்," என்றான் நிஷாந்த், தரையில் கிடந்தபடியே. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லவில் விதுர்ஷா இரண்டாவதாக வந்தாள். நிஷாந்த் நடுக்கூட்டத்தில் வந்தாலும், முதலாவது வந்தவனைப்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். வேலைக்குப் போகாமல் வந்து தெருவோரம் நின்ற வடிவம்மா மகளின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்னாடி இந்த அடி அடிக்குது?"

"அது அப்பிடித்தாம்மா அடிக்கும்."

விதுர்ஷா மூச்சிரைக்கச் சிரித்தாள். வடிவம்மா கையை எடுக்கவேயில்லை.