கழற்றாத ஷூ

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் பொறியாளராக இருந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னுடையது. கணினி அறைக்குள் தூசி போகக் கூடாது என்பதால் எல்லோரும் காலணியை வாசலில் விட்டுத்தான் நுழைவோம்.

ஒரு நாள் ஆவடியிலிருந்து ஓர் இளைஞர் நேர்காணலுக்கு வந்தார். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கணினியில் செய்து காட்டுவது மட்டும்தான் பாக்கி. அறை வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"சார், பேப்பர்ல எழுதிக் காட்டட்டுமா?"

என்னுடன் இருந்த சக ஊழியர் சிரித்தார். "இன்னா நைனா, புது ஷூவா? எவனும் தூக்கிகினு போமாட்டான், கழட்டு."

இளைஞரும் லேசாகச் சிரித்தார். ஆனால் கழற்றவில்லை. சொன்னதைக் கேட்காதவர் என்று எழுதி அவரை நிராகரித்தேன்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஷூ பக்கத்தில் கிடந்தது. குதிகால்களில் தோல் உரிந்து சாக்ஸ் ரத்தத்தில் ஊறியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணனோட ஷூ சார், கடிச்சிடுச்சு. உங்க வெள்ளைத் தரை அழுக்காயிடுமேன்னுதான்..."

முடிவை நான் இன்னும் மேலே அனுப்பவில்லை. மாற்றியிருக்கலாம். மாற்றினால் சக ஊழியரிடம் என் தவறைச் சொல்ல வேண்டியிருக்கும். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு கம்பெனி வேனில் ஏறிக்கொண்டேன். மறுநாள் அப்படியே அனுப்பினேன்.

ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. இப்போதெல்லாம் காரணம் கேட்காமல் யாரையும் தீர்மானிப்பதில்லை. என் வீட்டு வாசலில் யாராவது செருப்போடு தயங்கி நின்றால், அப்படியே உள்ளே வரச் சொல்லிவிடுகிறேன்.