தம்பியைத் தேடிப் போன கடலோரம்

நான் கடல் பார்க்கப் போனேன் என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனது தம்பியைத் தேடி. வழியில் கடல் கிடந்தது, அவ்வளவுதான்.

ஜவ்வாது மலையில் எங்களுக்குக் கொஞ்சம் சாமை நிலம், ஒரு ஜோடி மாடு. ஏர் பிடிப்பவன் தம்பி. மழை ஏமாற்றிய வருஷம், ஆலங்காயத்துக்காரர் ஒருவர் துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று அவனைக் கூட்டிப்போனார். எந்தத் துறைமுகம் என்று நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. சில மாதம் போன் செய்தான். பிறகு அதுவும் நின்றது. கூட்டிப்போனவரும் போனை எடுக்கவில்லை. அப்பாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. அதனால் நான் கிளம்பினேன், தனியாக, கையில் அவன் போட்டோவோடு, துறைமுகம் துறைமுகமாகத் தேட.

கடலூர் லாட்ஜில் என் ஆதாரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கிடையாதும்மா" என்றார்கள்.

"ஏன், நான் படுத்தா உங்க கட்டடம் இடிஞ்சி வுழுந்துடுமா?" என்று கத்திவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய்ப் படுத்தேன். நாகப்பட்டினத்தில் மீன் ஏலத்துக்கு நடுவே போட்டோவை நீட்டினால், "ஓரமா நில்லும்மா" என்றார்கள். டீக்கடைக்காரர் மட்டும் சிரித்த முகமாய், "ஊர் சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா, சுத்திக்கினுதான் கீறேன்" என்றேன். அவர் மேல் என்ன தப்பு? பாவம், நல்ல மனுஷன். ஆனாலும் எரிச்சல் வந்தது. எந்த ஊரிலும் தண்ணீர் உப்புக் கரித்தது. சோறு இறங்கவில்லை. வழிநெடுக அலை இரைந்துகொண்டே இருந்தது. சனியனே, கொஞ்சம் வாயை மூடு என்று திட்டியிருக்கிறேன்.

தெற்கே ஒரு துறைமுகம். ஊர்ப் பெயரை எழுதாதே என்று தம்பி சொல்லியிருக்கிறான். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"இது நம்ம ஒத்தக் கைப் பயல்லா?"

"என் தம்பிக்கு ரெண்டு கையும் இருக்குது" என்று சண்டைக்குப் போனேன். அவள் ஐஸ் கம்பெனி கேட்டைக் காட்டினாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சட்டைக் கை காலியாகத் தொங்கியது.

"இன்னாடா இது? ஐயோ, இன்னாடா இது?"

ஐஸ் பாளத்தை நொறுக்கும் மிஷினில் ஒரு பாளம் சிக்கியிருக்கிறது. எங்கள் களத்தில் கதிரை மிதிக்க மாடுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை நிறுத்தாமலே கையை விட்டுச் சாமைத் தாளைப் புரட்டுவோம். குளம்பு நெருங்கினால் 'ஓ' என்று ஒரு குரல் கொடுப்போம். மாடு அப்படியே நிற்கும். பேசத் தெரிந்த நாளிலிருந்து பழகிய வேலை. மிஷினிலும் இவன் அப்படித்தான் கையை விட்டிருக்கிறான்.

"கத்துனேன்க்கா. அது நிக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வூட்டுக்கு வாடா."

"வந்து? ஏரு நீ புடிக்கிறியா? இங்க கேட்டாண்ட ஒக்கார வெச்சிக்கீறாங்க. நான் செத்துட்டேன்னு அப்பா கிட்ட சொல்லிடு."

கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். கெஞ்சினேன். அம்மா மேல் சத்தியம் என்றேன். எதற்கும் அவன் மசியவில்லை. மறுநாள் என்னை பஸ் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

போளூரில் இறங்கி மலை பஸ் பிடித்தேன். வழியெல்லாம் விதவிதமாகப் பொய் ஜோடித்துப் பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஏரைப் பற்றி, நிலத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"எந்தக் கை?" என்றார்.

"சோத்துக் கை."

தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்ப புள்ளைக்குச் சோறு யாரு பெசஞ்சி குடுக்கறாங்க?"

காயம் ஆறியதா, வலி இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, எல்லாம் கேட்டிருந்தேன். இது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.