கண்ணை மூடி நீட்டிய கை

தேர்தல் தேதி அறிவித்த இரண்டொரு நாளில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிடும். உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்தபின் திருப்பித் தருவார்கள். இந்தத் தடவையும் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு துடியலூர் போனேன். நம்பரைச் சரிபார்த்து எழுதிய பெண் காவலர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை எதுக்குங்கய்யா வெச்சிருக்கீங்க? தோட்டத்துக்கா?"

"போட்டிக்குங்க. துப்பாக்கி சுடற போட்டி."

"அப்ப கப்பு நெறைய வாங்கியிருப்பீங்க."

"எங்கீங்க அம்மணி. அட்டையையே ஒழுங்காச் சுட்டதில்லை."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ரசீதை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது கையில் துப்பாக்கி எண்ணெயின் வாசனை. தையல் மிஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்ததுபோல இருக்கும். சோப்புப் போட்டாலும் அன்று முழுக்கப் போகாது. இந்த வாசனை வந்தால் எனக்கு ஜாபர் பாய் நினைவும் வந்துவிடும்.

அப்போது நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் இஞ்சினியர். நாற்பதைத் தாண்டி, தலையில் நரையும் வயிற்றில் தொந்தியும் வந்த வயதில்தான் எனக்குத் துப்பாக்கி ஆசையும் வந்தது. நின்ற இடத்தில் நின்று நிதானமாகச் சுடுவதல்ல எங்கள் விளையாட்டு. மணி அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடி, குனிந்து, மறைப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஆறேழு அட்டைகளைச் சுட வேண்டும். எவ்வளவு சரியாகச் சுட்டோம், எவ்வளவு வேகமாகச் சுட்டோம், இரண்டுக்கும் மதிப்பெண். கல் எடுத்துக் கைவிட்ட ஒரு பாறைக்குழியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடுவோம். என் மனைவி இதைக் "கிழட்டுத் திருடன் போலீசு" என்பாள்.

ஜாபர் அங்கேதான் பழக்கம். உக்கடத்தில் மரக்கடை வைத்திருந்தார். ஆள் நெடுநெடுவென்று உயரம், விரல்களும் அப்படியே. பிளாஸ்கில் டீயும் ஒரு பொட்டலம் வர்க்கியும் கொண்டுவருவார். எங்கள் சங்கத்துக்கென்று இருந்தவை இரண்டு பழைய பிஸ்டல்கள். அவற்றைப் பழகத்தான் கொடுப்பார்கள். போட்டியில் இறங்கச் சொந்தமாக ஒன்று வேண்டும். எனக்கும் அவருக்கும் உரிமம் வந்திருந்தது, பிஸ்டல்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் புதிதாக வராத காலம். வைத்திருந்த யாராவது விற்றால்தான் உண்டு.

உரிமத்தில் ஒரு தவணை உண்டு. அதற்குள் ஆயுதம் வாங்கிப் பதியாவிட்டால் உரிமம் காலாவதியாகிவிடும். எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அவருக்கு இரண்டே மாதம். மதக் கலவரத்தில் ஊர் இரண்டுபட்டு, கடைகள் எரிந்து, ஆறாமல் கிடந்த சமயம் அது. அவருடைய உரிமம் அதற்கு முன்பே கிடைத்தது.

"இந்தத் தவணைக்குள்ள வாங்கிப்போடோணுங்க இஞ்சினியரே," என்றார் ஒருநாள், வர்க்கியை டீயில் நனைத்தபடி. "உட்டா அப்புறம் என்ற பேருக்கு யாருங்க குடுக்கப்போறா?"

எனக்கு இது தெரிந்திருந்தது என்று காட்டத்தான் இதை இங்கே சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அந்த மாதமே டவுன்ஹால் பக்கம் இருந்த துப்பாக்கிக் கடைக்கு ஒரு பிஸ்டல் வந்தது. எஸ்டேட்காரர் ஒருவர் இறந்துபோய், வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தது. நீலம் பாய்ந்த கறுப்பு; கைப்பிடியில் வால்நட் மரம். பார்த்ததும் என் மனம் போய்விட்டது. கடைக்காரர் சென்னியப்பன் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாத மனிதர். எங்கள் இருவரையும் ஒன்றாக வரச் சொன்னார்.

"பிஸ்டல் எடுக்கறது செருப்பு எடுக்கற மாதிரிங்க. அழகா இருக்குன்னு எடுத்தா காலைக் கடிக்கும். கண்ணை மூடிட்டுக் கையை நீட்டுங்க. நீட்டி முடிச்சப்புறம் தொறங்க. குழாய் நுனியில இருக்கற குறிமுள்ளு, கண்ணுக்கிட்ட இருக்கற குறிப்பள்ளத்துக்கு நடுவுல நிக்கோணும். மூணு தடவை நின்னா அது உங்க கைக்கானது. ரெண்டு பேருக்கும் நின்னுதுன்னா, மொதல்ல சொல்லி வெச்சது இஞ்சினியரு. அவருக்கு."

குண்டில்லை என்று திறந்து காட்டிவிட்டு, எங்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஜாபர் முதலில். மூன்று தடவையும் முள் நூல் பிசகாமல் நடுவில் நின்றது. அந்தக் கைக்கென்றே அச்சில் வார்த்ததுபோல. தினமும் அச்சும் வார்ப்புமாக இருப்பவன் நான், எனக்குத் தெரியாதா?

அடுத்து நான். கண்ணைத் திறந்து பார்த்தால் முள் பள்ளத்தின் இடப்பக்க விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "பழக்கத்துக்கு ஒண்ணு உட்டறனுங்க. இனி மூணு," என்றார் சென்னியப்பன். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இடம் கொடுத்தது. அடுத்த மூன்று முறையும் இடது கண்ணை மயிரிழை திறந்து வைத்து, மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு, அப்புறம் இரண்டு கண்களையும் அப்போதுதான் திறப்பதுபோலத் திறந்தேன். பின்னால் நின்றவருக்கு என் கண் தெரியாது. ஜாபர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

"நல்ல சாமானுங்க இஞ்சினியரே. பத்திரமா வெச்சுக்கங்க," என்று, பிஸ்டல் எனக்கென முடிவானதும் ஜாபர் கை கொடுத்தார்.

என் விரல்கள் குட்டை. விசையைத் தொட எட்டவில்லை; பிடியை மாற்றிப் பிடித்தால் குறி போயிற்று. ஒவ்வொரு போட்டியிலும் கடைசி இடம். இரண்டு மாதத்தில் ஜாபரின் தவணை முடிந்தது. மறுபடி எழுதிப்போட்ட மனு திரும்பி வந்தது. காரணம் எழுதவில்லை. எழுதவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் மனிதர் ஞாயிறு தவறாமல் வந்தார். அட்டையில் விழுந்த ஓட்டைகளின் மேல் காக்கிக் காகிதமும் மைதாப் பசையும் வைத்து ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். நான் சுட்டு முடித்ததும் பசைக் கிண்ணத்தோடு போய் அட்டையைச் சுற்றிச் சுற்றித் தேடுவார்.

"ஏனுங்க, நீங்க சுட்டா எனக்கு வேலையே இல்லாமப் போச்சுங்களே!"

எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் மட்டும், "ஒரே ஒரு தடவை அதுல சுட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். செயலாளர் பக்கத்தில் நின்றால் உறுப்பினர் யாரும் சுடலாம் என்பது எங்கள் சங்கத்து வழக்கம். "சட்டச் சிக்கலுங்க பாய்," என்றேன். அவர் கையில் அது எப்படிச் சுடும் என்பதை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம். அதன்பின் அவர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வருவதும் நின்றது.

பத்து வருடம் கழித்து ஒரு மத்தியானம் அவர் கடைக்குப் போனேன். தேக்குப் பலகை ஒன்றை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"பாய், அன்னிக்குக் கடையில நான் கண்ணை மூடலைங்க."

டேப்பை எடுக்காமல், "தெரியுமுங்க," என்றார். "பக்கத்துலதானுங்க நின்னேன். எடது கண்ணு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாமுங்க. அந்த வருசத்துல, துப்பாக்கிக் கடைல நின்னுட்டு, ஒரு பாய் உங்களப் பாத்துச் சத்தம் போட்டிருந்தா..." பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "டீ சொல்லட்டுங்களா?"

டீ குடித்தோம். மர விலை பேசினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், செய்ததைச் சொன்னேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவர் மவுத்தான சேதி எனக்கு வந்தபோது அடக்கம் முடிந்து இருபது நாளாகியிருந்தது.

மரக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ஷோரூம். பாறைக்குழியை மண் கொட்டி நிரப்பி, மனைக்கற்கள் நட்டு, கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது அட்டைகள் நின்ற இடம் எது என்று தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. போட்டியில் ஜாபர் எப்படிச் சுட்டிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. சென்னியப்பனும் போய்விட்ட பிறகு, அப்படி ஒருவர் சுட்டிருக்கக்கூடும் என்று தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது நான் ஒருவன்தான்.